கரண்ட் போனாலும் ஒரு எழுத்துகூடப் போகாதாம்: எஸ்கியூலைட் கீ-வேல்யூ பதிவுக்கு என் மறுப்பு

வேம்பு (இரவு 9:12)
சுருளி நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பைத்தானில் பத்தே வரி, கீழே எஸ்கியூலைட் (தரவை ஒரு கோப்பில் வைக்கும் தரவுத்தளம்), நிலைத்து நிற்கும் கீ-வேல்யூ கிடங்கு (ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்கான தரவைத் தருவது) தயார் என்று எழுதியிருந்தார். அதுவரை சரி, நானும் அப்படித்தான் செய்வேன். ஒரே டேபிள், கீ ஒரு பத்தி, வேல்யூ ஒரு பத்தி, கீதான் பிரைமரி கீ. எழுத ஒரு இன்சர்ட், அந்தக் கீ ஏற்கெனவே இருந்தால் ஆன் கான்ஃப்ளிக்ட் போட்டு அப்டேட், 2018-இல் 3.24 வந்ததிலிருந்து அது இருக்கிறது. இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. கடைசி வரிதான் பிரச்சினை: "கரண்ட் போனாலும் ஒரு எழுத்துகூடப் போகாது." அதற்கு நாலு வரி மேலே அவரே கொடுத்த நிரலில் ஜர்னல் மோடு வால் (WAL, மாற்றங்களை முதலில் ஒரு தனிக் கோப்பில் எழுதுவது), சிங்க்ரனஸ் நார்மல் (வட்டில் இறங்கியதை எவ்வளவு கண்டிப்பாக உறுதி செய்வது என்ற அமைப்பு, ஃபுல் இதைவிடக் கண்டிப்பு) என்று இருக்கிறது.

வால் மோடில் நார்மல் வைத்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் (எழுதியதை உறுதி செய்யும் கட்டளைக்கும்) எஃப்சிங்க் (உடனே வட்டில் இறக்கு என்று இயங்குதளத்தைக் கேட்பது) நடக்காது. எழுதியது இயங்குதளத்தின் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும், செக்பாயிண்ட் (வால் கோப்பில் உள்ளதை மூலக் கோப்புக்கு மாற்றுவது) வரும்போதுதான் வட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று கட்டாயம் வரும். செக்பாயிண்ட் தானாக வருவது வால் கோப்பு 1000 பக்கத்தைத் தொடும்போது. அதற்குள் கரண்ட் போனால், கமிட் ஆகிவிட்டது என்று உங்கள் நிரலுக்குச் சொன்ன தரவு காணாமல் போகலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை, எஸ்கியூலைட் ஆவணத்திலேயே தெளிவாக இருக்கிறது. படித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

சுருளி (இரவு 9:31)
அதே ஆவணத்தில் அடுத்த வரியையும் படித்திருக்கலாம். வால் மோடில் நார்மல் வைத்தால் கோப்பு கெடாது. கெடவே கெடாது. நான் சொன்னது அதைத்தான். தவிர, நான் சோதிக்காமல் எழுதுகிற ஆள் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கில் மைனஸ் 9 (நிரலை உடனே கொல்லும் கட்டளை) கொடுத்துப் பார்த்தேன், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஸ்கிரிப்ட் போட்டு ஆயிரம் தடவை. ஒரு கீ கூடப் போகவில்லை. நீங்கள் எத்தனை தடவை சோதித்தீர்கள்?

வேம்பு (இரவு 9:40)
கில் மைனஸ் 9 கொன்றது உங்கள் பைத்தானை. கெர்னலை (இயங்குதளத்தின் மையத்தை) யார் கொன்றது? உங்கள் நிரல் செத்தாலும் அது எழுதிக் கொடுத்தது கெர்னலிடம் பத்திரமாக இருக்கும், அது தன் பாட்டுக்கு வட்டில் இறக்கிவிடும். ஆயிரம் தடவை இல்லை, லட்சம் தடவை கொன்றாலும் ஒன்றும் போகாது. கரண்ட் போவது வேறு. கெர்னலே செத்துவிடும். நீங்கள் எழுதியது "கரண்ட் போனாலும்". "நிரல் செத்தாலும்" என்று எழுதியிருந்தால் நான் இந்த இழையே தொடங்கியிருக்க மாட்டேன்.

ஆடுதுறை (இரவு 9:55)
இதற்குத்தான் நான் எப்போதும் சொல்வது, கீ-வேல்யூவுக்கு எஸ்கியூஎல் (தரவுத்தளக் கேள்வி மொழி) எதற்கு? ஒரு கெட், ஒரு புட், ஒரு டெலீட். அதற்குக் கேள்வியைப் படிக்க ஒரு பார்சர், வழி தேட ஒரு பிளானர் எல்லாம் தேவையா? லெவல்டிபி எடுங்கள், 2011-இல் கூகுள் வெளியிட்ட கீ-வேல்யூ நூலகம். எழுதுவதில் அதை எஸ்கியூலைட்டால் தொட முடியாது.

வேம்பு (இரவு 10:03)
ஆடுதுறை, லெவல்டிபியில் எழுதும்போது சிங்க் (உடனே வட்டில் இறக்கவா) என்று ஒரு தேர்வு இருக்கிறதே, அது சொல்லாமல் விட்டால் என்னவாக இருக்கும்? ஃபால்ஸ். அதே ஓட்டை. அந்த வேகத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. கூடவே ஒரே நேரத்தில் ஒரு புராசஸ்தான் அந்தக் கிடங்கைத் திறக்கலாம். ஒரு பக்கம் எழுதும் நிரலும் இன்னொரு பக்கம் அறிக்கை எடுக்கும் நிரலும் ஓடுகிற இடத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆடுதுறை (இரவு 10:10)
அப்படியானால் எல்எம்டிபி, அதுவும் கீ-வேல்யூ நூலகம்தான். ஓப்பன்எல்டாப் (பயனர் விவர அடைவு மென்பொருள்) ஆட்கள் தங்கள் தேவைக்கே எழுதிக்கொண்டது. இயல்பிலேயே ஒவ்வொரு கமிட்டுக்கும் சிங்க் உண்டு, எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதுபவர் ஒருவர். இதற்கு என்ன குறை சொல்லப் போகிறீர்கள்?

வேம்பு (இரவு 10:21)
நல்ல பொருள்தான். ஆனால் மேப் அளவை (கிடங்கின் உச்ச அளவை) முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 10 எம்பி, அது நிறைந்த நாளில் எழுத முடியாது என்று நின்றுவிடும். கீயின் நீளமும் 511 பைட்டுக்கு மேல் போகாது. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 170 குறியீடு. முகவரியைக் கீயாக வைக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். சரி, நான் பேச வந்தது அது இல்லை. நார்மல் வைத்துவிட்டு கரண்ட் போனாலும் போகாது என்று எழுதியதைப் பற்றி.

தென்றல்_க (இரவு 10:34)
எல்லாரும் "கீ", "வேல்யூ" என்றே எழுதுகிறீர்களே, திறவுகோல், மதிப்பு என்று எழுதினால் கை வலிக்குமா?

சுருளி (இரவு 10:41)
சாவி என்றே எழுதலாமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தென்றல்_க (இரவு 10:44)
சாவி போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. அலமாரி, ஜன்னல் வந்த அதே கப்பல்.

மாடிவீட்டான் (இரவு 10:58)
தமிழில் கீ வைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் அழ வேண்டியிருக்கும். "கொடி" என்பதில் உள்ள கொ-வை இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக. திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். எஸ்கியூலைட் பைட்டைத்தான் ஒப்பிடும், அதற்கு இரண்டும் வேறு வேறு கீ. ஒரு விசைப்பலகையில் எழுதி வைத்ததை இன்னொன்றில் அடித்துத் தேடினால் இல்லை என்று வரும். நான் ஒரு முழு நாள் இதில் தொலைத்தேன். எழுதுவதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் என்எஃப்சி-க்கு (யூனிகோடின் சேர்த்தெழுதும் ஒரே வடிவத்துக்கு) மாற்றிவிடுங்கள்.

வேம்பு (இரவு 11:02)
மாடிவீட்டான் சொன்னது அருமையான விஷயம், தனி இழை போட வேண்டியது. ஆனால் சுருளி இன்னும் பதில் சொல்லவில்லை. கரண்ட் போனால் கடைசிக் கமிட் இருக்குமா, இருக்காதா?

சுருளி (இரவு 11:09)
கோப்பு கெடுமா, கெடாதா? அதற்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள் தம்பி.

வேம்பு (இரவு 11:38)
தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு 46 வயது, நான் முதல் வேலைக்குப் போனபோது பெர்க்லி டிபி என்ற பழைய கீ-வேல்யூ நூலகத்தில் லாக் (பூட்டு) எண்ணிக்கை போதாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஏன் இதை விடமாட்டேன் என்று சொல்கிறேன், படியுங்கள். ஒரு காய்கறி மண்டியில் டோக்கன் இயந்திரம் வைத்துக் கொடுத்தேன். ராஸ்பெர்ரி பை, எஸ்டி கார்டு, சின்ன பிரிண்டர். அடுத்த டோக்கன் எண் என்ன என்பது ஒரு கீ. ஒவ்வொரு டோக்கனுக்கும் யார், எத்தனை மூட்டை என்பது ஒரு கீ. அதே வால், அதே நார்மல், நானும் எங்கோ படித்துவிட்டு அப்படியே போட்டேன். விடியற்காலை நாலரை மணி, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, நாலைந்து நொடிக்கு ஒரு டோக்கன் கிழிகிறது. 214 கிழித்த கையோடு கரண்ட் போனது. ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. இயந்திரம் எழுந்து அடுத்து அச்சடித்த எண் 211.

கோப்பு கெடவில்லை. இன்டெக்ரிட்டி செக் (கோப்பு சரியாக இருக்கிறதா என்ற சோதனை) ஓகே என்றுதான் சொன்னது. ஆனால் 212 என்ற சீட்டை இரண்டு பேர் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்கள். ஒருவர் கத்தரிக்காய் 9 மூட்டை, இன்னொருவர் முருங்கை 4 கட்டு. கத்தரிக்காய்க்காரர் இரவு ஒரு மணிக்கே கிளம்பி வந்தவர். அவர் பெயரே இயந்திரத்தில் இல்லை. அவரிடம் போய் "ஐயா, கோப்பு கெடவில்லை" என்று நான் சொல்ல முடியுமா? சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கைச் சரி செய்தோம். அன்றைக்கு நார்மலை ஃபுல் ஆக்கினேன். ஒரே சொல். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கரண்ட் போயிருக்கிறது, டோக்கன் பின்னால் போனதில்லை.

சுருளி (காலை 7:15)
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஃபுல் வைத்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் எஃப்சிங்க். எஸ்கியூலைட்டின் கேள்வி-பதில் பக்கமே சொல்கிறது, சாதாரணக் கணினியில் நொடிக்கு 50,000 இன்சர்ட் ஓடும், ஆனால் டிரான்சாக்‌ஷன் (ஒரு கமிட்டில் முடியும் வேலை) சில டஜன்தான் என்று. 7200 ஆர்பிஎம் வட்டு நொடிக்கு 120 சுற்றுதான் சுற்றும், ஒவ்வொரு கமிட்டும் அந்தச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும், அதை யாராலும் மாற்ற முடியாது. வேகம் வேண்டும் என்பவர்கள் என்ன செய்வது? எல்லாரும் மண்டியில் டோக்கன் கிழிக்கவில்லை.

இன்னொன்று. போன வருடம் ரெடிஸ் (நினைவகத்தில் ஓடும் கீ-வேல்யூ கிடங்கு) இழையில் ஏஓஎஃப்-ஐ (அதன் பதிவுக் கோப்பை) எவ்ரிசெக் (நொடிக்கு ஒருமுறை வட்டில் இறக்குவது) வைத்தால் போதும் என்று எழுதியது யார்? நீங்கள்தான். அங்கே ஒரு நொடி போகலாம், இங்கே போகக் கூடாதா? அன்றைக்கு நான் ஆல்வேஸ் (ஒவ்வொரு முறையும் இறக்குவது) வைக்கச் சொன்னதற்கு "பயந்தாங்கொள்ளி" என்றீர்கள். மறக்கவில்லை.

வேம்பு (காலை 7:52)
அங்கே ஒரு நொடி போகும் என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கச் சொன்னேன். அதுவும் செஷன் டேட்டா, போனால் மறுபடி லாகின் செய்துகொள்வார்கள். நீங்கள் போகாது என்று சொல்லிவிட்டு வைக்கச் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றா? பயந்தாங்கொள்ளி என்று எழுதியது தப்புதான் என்று அன்றைக்கே தனிச் செய்தியில் சொல்லிவிட்டேன், அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

வேகத்துக்கு வருகிறேன். பிகின் (தொகுப்பைத் தொடங்கும் கட்டளை) போட்டு ஆயிரம் கீயை எழுதி ஒரே கமிட் செய்தால் ஒரே எஃப்சிங்க். வேகம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு கீயையும் தனிக் கமிட்டாக எழுதிக்கொண்டு, அது மெதுவாக இருக்கிறது என்று நார்மலுக்கு இறங்குவது கூரை ஒழுகுகிறது என்று வீட்டை மாற்றுவது போல. இன்னொரு விஷயம், எஸ்கியூலைட்டை எடுத்து சும்மா விட்டாலே சிங்க்ரனஸ் ஃபுல்தான். அதை எழுதியவர்கள் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் தேடிப் போய் ஒரு வரி சேர்த்து இறக்கியிருக்கிறீர்கள்.

மாடிவீட்டான் (காலை 8:20)
இடையில் ஒன்று. எஸ்கியூலைட் 2000-இல் முதன்முதலாக வந்தபோது கீழே ஜிடிபிஎம் என்ற கீ-வேல்யூ நூலகத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அடுத்த வருடம் 2.0-இல்தான் சொந்த பி-ட்ரீ (கீக்களை வரிசையில் வைக்கும் அமைப்பு). இப்போது பைத்தான் 3.13-இல் டிபிஎம் என்ற கீ-வேல்யூ மாட்யூலுக்கே எஸ்கியூலைட்தான் முதல் தேர்வு. அதாவது சுருளியின் பத்து வரிகூட இனி தேவையில்லை, இம்போர்ட் டிபிஎம் போதும்.

சுருளி (காலை 8:26)
என் பத்து வரி தேவையில்லையா? என் நிரலில் காலாவதி நேரம் இருக்கிறது, முன்னொட்டை வைத்துத் தேடலாம். டிபிஎம்-இல் இருக்கிறதா? படிக்காமலே பேசுகிறீர்கள்.

ஆடுதுறை (காலை 8:40)
முன்னொட்டுத் தேடல் லெவல்டிபியில் இயல்பாகவே வரும், கீ எல்லாம் வரிசையில்தான் இருக்கும்.

வேம்பு (காலை 8:44)
அப்புறம் சிங்க் ஃபால்ஸ்.

ஆடுதுறை (காலை 8:47)
ட்ரூ வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? எஸ்டி கார்டே எழுதிவிட்டேன் என்று பொய் சொல்கிற பொருள், அதன் மேல் உங்கள் ஃபுல் மட்டும் என்ன சாதிக்கும்?

வேம்பு (காலை 9:05)
கார்டு பொய் சொன்னால் நல்ல கார்டு வாங்கலாம். நிரல் கேட்கவே இல்லை என்றால் எந்தக் கார்டும் பதில் சொல்லாது. சுருளி, ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நொடிக்கு ஒரு எண் எழுதுங்கள், கமிட் ஆனதும் அந்த எண்ணை நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்புங்கள், பிறகு வயரைப் பிடுங்குங்கள். கில் வேண்டாம், ஷட்டவுன் வேண்டாம், வயர். மறுபடி போட்டு இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

சுருளி (மாலை 6:33)
செய்துவிட்டேன், நீங்கள் சொன்னபடியே, ராஸ்பெர்ரி பையில், ஐந்து முறை. ஐந்து முறையும் இன்டெக்ரிட்டி செக் ஓகே. ஒருமுறைகூடக் கோப்பு கெடவில்லை. லேப்டாப்பில் 87 வரை வந்திருந்தது, கிடங்கில் 71 வரை இருந்தது, அது ஒருமுறை. மற்றவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம், அதிகபட்சம் 22. லினக்ஸ் அழுக்குப் பக்கங்களை (இன்னும் வட்டில் இறங்காதவற்றை) 30 நொடி வரை வைத்திருக்கும், அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. ஆக நான் எழுதியது சரி, வால் மோடில் நார்மல் பாதுகாப்பானது.

வேம்பு (மாலை 6:41)
72-இலிருந்து 87 வரை 16 எண் எங்கே?

சுருளி (மாலை 6:44)
கோப்பு கெட்டதா?

வேம்பு (மாலை 6:45)
16 எண் எங்கே சுருளி? கமிட் ஆகிவிட்டது என்று உங்கள் லேப்டாப்புக்குச் சொன்ன 16 எண்.

சுருளி (மாலை 6:52)
கெட்டதா இல்லையா என்று ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாதவரோடு எனக்குப் பேச்சில்லை. பதிவை மாற்றப் போவதில்லை.

தென்றல்_க (மாலை 7:10)
பதிவில் "கீ"யையாவது மாற்றுங்கள்.

வேம்பு (மாலை 7:18)
அந்தப் பதிவைப் பார்த்து இன்றைக்கு எங்கேயோ யாரோ ஒரு கடைக்கு பில் இயந்திரம் செய்துகொண்டிருப்பார். அவருக்காக அந்தப் பதிவின் கீழேயே சிங்க்ரனஸ் ஃபுல் என்று எழுதி வைத்திருக்கிறேன். நீக்கினால் மறுபடி எழுதுவேன்.