மறு: லாபியிங், அஸ்ட்ரோடர்ஃபிங் – தரகு, பினாமி, பொய்த்திரள்

வணக்கம். லாபியிங் (ஒரு தரப்புக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் அதிகாரிகளிடமும் பேசி ஆதரவு தேடுவது), அஸ்ட்ரோடர்ஃபிங் (இல்லாத மக்கள் ஆதரவை இருப்பதாகப் போலியாகக் காட்டுவது) இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். முதலாவதற்கு 'வாயில்பணி', இரண்டாவதற்குப் 'பொய்த்திரள்' என்று நான் சொல்லியிருந்தேன். குழுவில் வந்த மாற்று யோசனைகளுக்கு என் பதில் இது.

> லாபியிங்குக்குத் 'தரகு' போதும் ஐயா, எல்லாருக்கும் புரியும். அஸ்ட்ரோடர்ஃபிங்குக்குப் 'பினாமிப் பரப்புரை' என்று வைத்துவிடலாம்.

தரகு வேண்டாம். புரியும்தான், ஆனால் கூடவே தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வரும். வாஷிங்டனில் நிலக்கரிக்காகப் பேசப் போகிறவரும் லாபியிஸ்ட், காற்றாலைக்காகப் போகிறவரும் லாபியிஸ்ட். லாபியிங்கைப் பதிவு செய்யச் சொல்லும் 1995ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தில் இருவருக்கும் ஒரே பதிவு விதிதான்.

நான் சொன்ன 'வாயில்' அகப்பாட்டிலிருந்து எடுத்தது. தலைவனுக்காகத் தலைவியிடம் தூது பேச வரும் பாணனும் (பாடகன்) பாங்கனும் (தோழன்) வாயில்கள். யார் அனுப்பி வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் வாயில் மறுப்பாள். லாபி என்பதும் முதலில் அவைக்கு வெளியே இருந்த கூடம்தானே, வாசல் பொருளும் ஒத்துப்போகிறது. 'வாயில்பணி' வாட்ச்மேன் வேலை மாதிரி இருக்கிறது என்று குழுவில் ஓர் அம்மையார் எழுதியிருந்தார். நியாயம். 'வாயிலுரை' என்று மாற்றிக்கொள்கிறேன். செய்பவர் வாயிலர்.

பினாமிக்கு வருகிறேன். நல்ல சொல், டீக்கடை வரைக்கும் தெரிந்த சொல். ஆனால் பினாமிக்குத் தன் பெயரில் நிலம் இருப்பது பெரும்பாலும் தெரியும். 2009இல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், கரியமில வாயு உமிழ்வுக்கு வரம்பு வைக்கும் வாக்ஸ்மன்–மார்க்கி காலநிலை மசோதா வாக்கெடுப்புக்கு வரும் நேரம். வர்ஜீனியா உறுப்பினர் டாம் பெரியெல்லோவின் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வருகின்றன. ஒன்றில் அவர் தொகுதியிலுள்ள லத்தீன் அமெரிக்கர் அமைப்பான கிரெசியெண்டோ ஹுண்டோஸின் லெட்டர்பேடு, மசோதாவால் மின்கட்டணம் ஏறும் என்ற கவலை, கீழே கையெழுத்து. அந்த அமைப்போ அப்படி எதுவும் எழுதவே இல்லை. கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. பெயரிலும் இப்படியே. நிலக்கரி மின்சாரக் கூட்டணி ஒன்றுக்காக வேலைபார்த்த பானர் என்ற பரப்புரை நிறுவனத்திலிருந்து போனவை இவை. தற்காலிக ஊழியர் ஒருவர் செய்த வேலை என்று அந்த நிறுவனம் சொன்னது. தேடத் தேட, மூன்று உறுப்பினர்களுக்குப் போன பத்துக்கும் மேற்பட்ட போலிக் கடிதங்கள் வெளிவந்தன. நிலக்கரிக் கூட்டணிக்கு விஷயம் வாக்கெடுப்புக்கு முன்பே தெரிந்திருந்தும், பெரியெல்லோவுக்குத் தகவல் போனது வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான். (மசோதா 219–212 என்று தப்பித்தது. அப்புறம் செனட்டில் படுத்துவிட்டது.)

இங்கே யாரும் பெயரை இரவல் கொடுக்கவில்லை. இல்லாத கூட்டத்தை இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் 'பொய்த்திரள்' என்கிறேன். பொய்க்கால் குதிரையில் இருக்கிற அதே பொய். அஸ்ட்ரோடர்ஃப் என்பது செயற்கைப் புல்லின் வணிகப் பெயர்; ஆங்கிலத்தில் அடித்தட்டு மக்களைப் 'புல்வேர்' (grassroots) என்பதால், போலி மக்கள் ஆதரவுக்கு இந்தப் பெயர். 'செயற்கைப் புல்வெளி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், இது தெரியாதவர் கிரிக்கெட் மைதானம் என்றுதான் நினைப்பார்.

> இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா? இரண்டும் செல்வாக்குத் தேடுவதுதானே?

போதாது. அந்த 1995 சட்டம் அதிகாரிகளையும் உறுப்பினர்களையும் நேரடியாக அணுகுவதைத்தான் கணக்கில் எடுக்கிறது. மக்களைத் தூண்டிக் கடிதம் எழுத வைக்கும் செலவு அதன் பிடிக்குள் வராது. 2011இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றிய லாபியிங் பதிவேடு மறைமுக முயற்சிகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே சொல்லைப் போட்டால் இந்த வேறுபாட்டைத் தமிழில் எழுதவே முடியாது.

பினாமியைத் தூக்கிப்போட வேண்டாம். தெரிந்தே பெயர் கொடுக்கிற அமைப்பு இருந்தால் அதற்கு வைத்துக்கொள்வோம். 1989இலிருந்து 2002 வரை இருந்த உலகக் காலநிலைக் கூட்டணிக்கு அது பொருந்தாது. பேரைக் கேட்டால் காலநிலையைக் காக்க வந்தவர்கள் மாதிரி இருக்கும், வேலை உமிழ்வுக் கட்டுப்பாட்டை எதிர்ப்பது. ஆனால் உறுப்பினர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். ஷெல் 1998இலும் ஃபோர்டு 1999இலும் விலகியது செய்தியே ஆனது. இதற்குப் 'போர்வை அமைப்பு' என்று வைக்கலாமா? இந்த மாதிரி, வேறு நோக்கத்தை மறைக்கும் பெயரோடு இயங்கும் அமைப்பை ஆங்கிலத்தில் ஃப்ரண்ட் குரூப் என்பார்கள். அதை 'முன்னணி அமைப்பு' என்று பெயர்த்ததை ஒரு கட்டுரையில் பார்த்தேன். விருது கொடுத்த மாதிரி இருந்தது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "நிறுவனம் தன் வாயிலுரைச் செலவை வெளியிட்டது, பொய்த்திரள் செலவை வெளியிடவில்லை." பின்பாதி ஓடுகிறது. முன்பாதி இன்னும் கொஞ்சம் நொண்டுகிறது, யாராவது தட்டிச் சரிசெய்யுங்கள்.