மெக்டேவிட்டுக்கு எதிரே பார்கோவை இறக்கியதுதான் கோப்பையைத் தந்ததா?

ரப்பர்க்காடு, குலசேகரம்

நேற்று கால்பந்துத் திரியில் வடசேரித் தம்பி போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: "ஐஸ் ஹாக்கியில் யாருக்கு எதிரே யாரை இறக்குவது என்பதெல்லாம் டிவிக்காரர்கள் ஊதிப் பெரிதாக்கிய சமாச்சாரம்." எனக்கு இது சுத்தமாக ஒப்பவில்லை. அங்கே கிடந்து மல்லுக்கட்டுவதைவிடத் தனியாகப் பேசிவிடலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். ஆட்டத்தில், கோலைக் காக்கும் கோலிகள் போக ஒரு அணிக்கு வழக்கமாகக் கோல் அடிக்கப் போகும் ஃபார்வர்ட் 12 பேர், பின்னால் நின்று தடுக்கும் டிஃபென்ஸ்மேன் 6 பேர். மூன்று மூன்று பேராக நான்கு லைன், இரண்டு இரண்டு பேராக மூன்று ஜோடி. ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம் ஓடுவார்கள், பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார்கள். அதுதான் ஷிப்ட். ஆட்டம் நின்றதும் வெளியூர் அணி முதலில் ஆளை இறக்க வேண்டும், 5 நொடி. அப்புறம் நடுவர் கையைத் தூக்குவார். சொந்த ஊர் அணிக்கு 8 நொடி. எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இறக்கலாம். இதைத்தான் கடைசி மாற்றம் என்கிறோம்.

2024 ஸ்டான்லி கோப்பை, அதாவது என்.எச்.எல். பட்டத்துக்கான இறுதிச் சுற்று, ஃபுளோரிடாவும் எட்மண்டனும். முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை. நம் ஊரில் விடிகாலை 5.30 மணிக்கு ஆட்டம். இடவப்பாதி மழை நேரம், ரப்பர் பால் வெட்டு இல்லை என்பதால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். முதல் இரண்டு ஆட்டம் ஃபுளோரிடாவின் சொந்த மண்ணில். அதன் கோச் பால் மோரிஸ், எட்மண்டனின் நட்சத்திர ஆட்டக்காரர் மெக்டேவிட் இறங்கும்போதெல்லாம் தன் பார்கோவ் லைனையும், பின்னால் ஃபோர்ஸ்லிங், எக்ப்ளாட் ஜோடியையும் இறக்கப் பார்த்தார். 3-0, 4-1 என்று ஜெயித்தார்கள். இரண்டிலும் சேர்த்து மெக்டேவிட்டுக்கு ஒரே ஒரு அசிஸ்ட், அதாவது இன்னொருவர் கோலுக்குப் பக் கொடுத்தது. ஏழாவது ஆட்டமும் அதே மண்ணில், 2-1 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தார்கள். மெக்டேவிட் கணக்கில் ஒன்றுமில்லை. அந்த பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான சுற்றுகளில், கோலும் அசிஸ்டுமாக 42 புள்ளி எடுத்து, தோற்ற அணியில் இருந்தும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய மனிதர் அவர். அப்படிப்பட்டவரை முக்கியமான ஆட்டத்தில் வெறுங்கையோடு அனுப்பியது எது? பதில் சொல்லுங்கள்.

வடசேரி கணக்கு, நாகர்கோவில்

அண்ணே, ஒன்று, இரண்டு, ஏழு சொன்னீர்கள். ஐந்தையும் ஆறையும் ஏன் தாண்டிவிட்டீர்கள்?

ஐந்தாவது ஆட்டமும் அதே ஃபுளோரிடா மண். அதே கடைசி மாற்றம், அதே பார்கோவ். மெக்டேவிட் 2 கோல், 2 அசிஸ்ட். எட்மண்டன் 5-3 என்று ஜெயித்தது. ஆறாவது ஆட்டம் எட்மண்டனில். கடைசி மாற்றம் கோச் நாப்ளாக் கையில். பார்கோவ் பெஞ்சில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் மெக்டேவிட்டை இறக்கலாம், தடுப்பார் இல்லை. அன்று மெக்டேவிட் எடுத்தது பூஜ்யம். ஆனாலும் எட்மண்டன் 5-1 என்று ஜெயித்தது. உங்கள் கணக்குப்படி இந்த இரண்டும் தலைகீழாக நடந்திருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. கோச் ஆளைப் பார்த்து இறக்க முடிவது ஆட்டம் நின்று, பக் எனும் வட்டைப் போட்டு மறுபடி தொடங்கும் ஃபேஸ் ஆஃப் நடக்கும்போது மட்டும்தான். பாதிக்கும் மேற்பட்ட ஷிப்டுகள் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குகின்றன. ஒருவர் பெஞ்சுக்கு வருவார், இன்னொருவர் பலகையைத் தாண்டிக் குதிப்பார். அங்கே 8 நொடியும் கிடையாது, நடுவர் கையும் கிடையாது. மோரிஸ் என்ன திட்டம் போட்டாலும், அதில் பாதி ஆட்டத்தின் ஓட்டத்தில் கலைந்துவிடும்.

தூத்தூர் கரை

மீன்பிடித் தடைக்காலம், வீட்டில்தான் இருக்கிறேன், நானும் வருகிறேன்.

வடசேரி, எங்கள் கடற்கரையில் பந்து விளையாடுகிற சின்னப் பையனிடம் கேட்டாலும் சொல்வான். எதிரணியில் நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருத்தன் இருந்தால் அவனோடு ஒட்டிக்கொள்ள ஒரு ஆளை விடுவோம். நம் ஆள் கோல் அடிக்க வேண்டாம், அவனுக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பார்கோவ் செய்தது அதுதான். சிறந்த தடுப்பாட்ட ஃபார்வர்டுக்கான செல்கி விருதை 2021, 2024, 2025 என்று மூன்று முறை வாங்கிய மனிதர். அவரை ஒட்டவிட்டும் பலன் இல்லை என்றால் எப்படி நம்புவது?

வடசேரி கணக்கு, நாகர்கோவில்

கால்பந்தில் ஒட்டிக்கொள்கிறவன் 90 நிமிடமும் ஒட்டிக்கொள்வான் அண்ணே. ஐஸில் முக்கால் நிமிடத்தில் இரண்டு பேரும் வெளியே. திரும்ப இறங்கும்போது ஒன்றாகத்தான் இறங்குவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மெக்டேவிட் ஒரு ஆட்டத்தில் 22 நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடியவர். அத்தனையையும் பார்கோவால் மூட முடியாது.

இன்னொன்றும் உண்டு. எரிக் டுல்ஸ்கி என்றொருவர், வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், இணையத்தில் ஹாக்கிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டக்காரரின் எண்களில் எதிரே நிற்பவர்களின் தரத்தைவிடக் கூட ஆடுகிறவர்களின் தரம் அதிகம் தெரியும் என்று அவர் காட்டினார். சீசன் முழுக்கப் பார்த்தால் எல்லாரும் எல்லாருக்கும் எதிராக ஓரளவு ஆடிவிடுகிறார்கள், அந்த வித்தியாசம் கரைந்துவிடும். கூட ஆடும் ஆள் அப்படி மாறுவதில்லை. அவர் 2024 முதல் கரோலினா அணியின் பொது மேலாளர்.

ரப்பர்க்காடு, குலசேகரம்

தம்பி, சீசன் கணக்கை எடுத்து இறுதிச் சுற்றில் போடாதீர்கள். 82 ஆட்டத்தில் 31 அணிகளோடு மோதும்போது கரைகிற வித்தியாசம், ஒரே அணியோடு தொடர்ந்து ஏழு ஆட்டம் மோதும்போது கரையாது. அங்கே ஒரே ஆள் ஒரே ஆளுக்கு எதிராகத் திரும்பத் திரும்ப வருகிறார். டுல்ஸ்கி சொன்னது சரி, ஆனால் அது வேறு கேள்விக்கான பதில்.

ஐந்தாவது ஆட்டத்துக்கு வருகிறேன். மெக்டேவிட்டின் இரண்டாவது கோல் காலி வலையில் விழுந்தது, ஃபுளோரிடா கோலியை எடுத்துவிட்டு ஆறு ஆளோடு துரத்திக்கொண்டிருந்த நேரம். எட்மண்டனின் முதல் கோல், பெனால்டியால் ஒரு ஆள் குறைவாக இருக்கும்போது பிரவுன் அடித்தது. லைனுக்கு லைன் என்பது ஐந்துக்கு ஐந்து நிற்கும்போதுதான் செல்லும். காலி வலையிலும் பெனால்டி நேரத்திலும் நடந்ததைக் கொண்டுவந்து அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

பத்மநாபபுரம் வாசகர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆட்டம் ஓடும்போது ஆளை மாற்றலாம் என்றால், களைத்தவர்கள் ஏன் சில சமயம் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்?

கருங்கல் அக்கா, எட்மண்டன்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே ஆஸ்பத்திரி வேலை, லீவு கிடைத்தால் மேல் வரிசையில் டிக்கெட் எடுத்து ஆட்டத்துக்குப் போவேன். மேலே இருந்து பார்க்கும்போது டிவியில் தெரியாதது தெரியும். டிவி பக்கைத்தான் துரத்தும், பெஞ்சைக் காட்டாது.

இரண்டு காரணம். முதலாவது ஐசிங். நெருக்கடியில் தன் பாதியிலிருந்து பக்கை எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டி அடித்துத் தள்ளினால், ஃபேஸ் ஆஃப் திரும்பவும் உங்கள் கோலி பக்கத்திலேயே. 2005-06 சீசனிலிருந்து, அப்படி அடித்த அணி ஆளை மாற்றக் கூடாது. 2017-18 முதல் அந்த நேரத்தில் டைம் அவுட்டும் கேட்க முடியாது. மூச்சு வாங்குகிற அதே ஐந்து பேர் நிற்க வேண்டும், எதிரே புது லைன் வரும்.

இரண்டாவது காரணம், ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் நடுவில் வரும் இரண்டாம் பீரியட். பக்கம் மாறுவதால் உங்கள் பெஞ்ச் உங்கள் கோலியிடமிருந்து தூரத்தில் போய்விடும். முதல் பீரியடில் கொஞ்ச தூரம் சறுக்கினால் பெஞ்ச், இப்போது நடுக்கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். பக் உங்கள் பக்கம் மாட்டிக்கொண்டால் டிஃபென்ஸ்மேன்கள் அவ்வளவு தூரம் வர முடியாது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று நிற்பார்கள். முட்டி மடங்கி, மட்டையை இரண்டு கையாலும் முழங்காலில் ஊன்றி நிற்பதை மேலிருந்து பார்த்தால் பாவமாக இருக்கும்.

ரப்பர்க்காடு அண்ணனும் வடசேரித் தம்பியும் ஃபார்வர்டுகளைப் பற்றியே பேசுகிறீர்கள். டிஃபென்ஸ் ஜோடிகள் மூன்றுதான். முதல் ஜோடி 60 நிமிடத்தில் 25 நிமிடம் ஓடும். எதிரே லைனைப் பொருத்தத் தவறினாலும் ஜோடியைப் பொருத்தத் தவற மாட்டார்கள். ஃபோர்ஸ்லிங் பெயரை இரண்டு பேரும் இன்னும் அதிகம் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ரப்பர்க்காடு, குலசேகரம்

அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு 2011 இறுதிச் சுற்றுக்குப் போகிறேன். வான்கூவரும் பாஸ்டனும். வான்கூவரின் செடின் இரட்டையர்கள் உச்சத்தில் இருந்த காலம். 2010இல் ஹென்ரிக் புள்ளிப் பட்டியலில் முதலிடம், 2011இல் டேனியல். பாஸ்டன் அவர்கள் முன்னால் சாரா, சைடன்பெர்க் டிஃபென்ஸ் ஜோடியை நிறுத்தியது. ஏழு ஆட்டத்தில் ஹென்ரிக் அடித்தது ஒரே கோல்.

பாஸ்டன் மண்ணில் நடந்த மூன்று ஆட்டம் 8-1, 4-0, 5-2. மொத்தம் 17-3. வான்கூவர் மண்ணில் நடந்த நான்கையும் கூட்டினால் பாஸ்டன் 6, வான்கூவர் 5. கடைசி மாற்றம் யார் கையில் இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறென்ன விளக்கம்?

வடசேரி கணக்கு, நாகர்கோவில்

வேறு விளக்கம் நிறைய இருக்கிறது அண்ணே. வான்கூவர் கோலி லுவாங்கோவை பாஸ்டனில் இரண்டு ஆட்டத்தில் பாதியில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் கோலி டிம் தாமஸ், அந்த பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர். வான்கூவரின் ஹாம்ஹ்யூஸ் முதல் ஆட்டத்தோடு காயம். அதே அணியின் ரோமுக்கு, மூன்றாவது ஆட்டத்தில் பாஸ்டனின் ஹோர்ட்டனை மோதியதற்காக மிச்சத் தொடர் முழுக்கத் தடை. ஆறு டிஃபென்ஸ்மேனில் இரண்டு பேர் போய்விட்டார்கள். 17-3இல் எத்தனை கோல் கடைசி மாற்றத்தின் கணக்கு, எத்தனை இவற்றின் கணக்கு என்று பிரித்துத் தர முடியுமா?

அந்த வான்கூவர் அணியை நானும் எடுப்பேன், ஆனால் வேறு காரணத்துக்காக. கோச் வின்யோ, செடின்களைப் பெரும்பாலும் எதிரணி கோல் பக்கம் நடக்கும் ஃபேஸ் ஆஃபுக்கு இறக்குவார். தன் கோல் பக்கம் என்றால் மேனி மல்ஹோத்ரா. அவருடைய தகப்பனார் இந்தியாவிலிருந்து போனவர், ஃபேஸ் ஆஃபில் கெட்டிக்காரர். கஷ்டமான வேலையை ஒரு லைன் எடுத்துக்கொண்டது, கோல் அடிக்கிற வேலை இன்னொன்றுக்கு. எதிரே யார் என்று பார்க்காமலே, எங்கே தொடங்குகிறோம் என்பதை வைத்து ஆளைப் பயன்படுத்தியது இது. 2011 மார்ச்சில் மல்ஹோத்ராவுக்குக் கண்ணில் அடிபட்டது. இறுதிச் சுற்றுக்குத் திரும்பினார், பழையபடி ஆட முடியவில்லை. வான்கூவரின் ஏற்பாடு அங்கேயே உடைந்துவிட்டது.

தூத்தூர் கரை

மல்ஹோத்ரா இல்லாததால் செடின்கள் கஷ்டப்பட்டார்கள் என்றால், அதுவும் யாரை எங்கே நிறுத்துவது என்கிற விஷயம்தானே மக்கா? ரப்பர்க்காடு அண்ணன் சொல்வதற்கு இது எங்கே எதிராக இருக்கிறது?

வடசேரி கணக்கு, நாகர்கோவில்

எதிராகத்தான் இருக்கிறது. அண்ணன் பேசுவது 8 நொடியில் கோச் எடுக்கிற முடிவை. நான் பேசுவது மூன்றாவது, நான்காவது லைனில் யார் இருக்கிறார்கள் என்பதை.

2025 இறுதிச் சுற்றைப் பாருங்கள். அதே இரண்டு அணி, ஆனால் இந்த முறை ஏழு ஆட்டம் வரை போனால் கூடுதல் சொந்த ஆட்டம் எட்மண்டனுக்கு. ஃபுளோரிடா இரண்டாவது ஆட்டத்தை 5-4, ஐந்தாவதை 5-2 என்று எட்மண்டனிலேயே ஜெயித்தது. கடைசி மாற்றம் கையில் இல்லாமலே. அந்தத் தொடரில் ஃபுளோரிடாவின் மார்ஷண்ட் 6 கோல். அவர் ஆடியது பார்கோவோடு அல்ல, லுண்டெல், லுவோஸ்டரினன் இருவரோடும் மூன்றாவது லைனில். எட்மண்டன் பார்கோவைப் பார்த்துப் பார்த்து ஆளை இறக்கியது, அடி விழுந்தது வேறு பக்கத்திலிருந்து.

கருங்கல் அக்கா, எட்மண்டன்

ஐந்தாவது ஆட்டத்தில் மார்ஷண்ட் இரண்டு கோல் போட்டார். அன்று இந்த ஊரே வாடிப்போய்க் கிடந்தது. மறுநாள் வார்டில் நோயாளிகள்கூட மூன்றாவது லைனைப் பற்றித்தான் பேசினார்கள்.

சரி, இரண்டு பேரிடமும் கேட்கிறேன். நீங்கள் எட்மண்டன் கோச் என்றால் என்ன செய்வீர்கள்?

ரப்பர்க்காடு, குலசேகரம்

இரண்டாம் பீரியடில்தான் வேலை. பார்கோவ் லைன் இறங்கி அரை நிமிடம் ஆகும்வரை மெக்டேவிட்டைப் பெஞ்சில் வைத்திருப்பேன். பக்கை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, அவர்கள் பெஞ்சுக்குப் போக முடியாத நேரத்தில் ஆட்டம் ஓடும்போதே மெக்டேவிட்டை இறக்குவேன். பார்கோவ் எதிரே நிற்கட்டும், களைத்த பார்கோவாக நிற்கட்டும். ஃபேஸ் ஆஃபில் மட்டும்தான் ஆளைப் பொருத்த முடியும் என்று தம்பி சொன்னதற்கும் இதுவே பதில்.

வடசேரி கணக்கு, நாகர்கோவில்

நான் மெக்டேவிட்டையும், எட்மண்டனின் இன்னொரு நட்சத்திரமான ட்ரைசைட்லையும் ஒரே லைனில் போடவே மாட்டேன். 2024 இறுதிச் சுற்றில் ட்ரைசைட்ல் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இருவரும் தனித்தனி லைனில், இருவருக்கும் பக்கத்தில் ஓட, கோல் அடிக்கத் தெரிந்த ஒரு விங்கர். பார்கோவ் ஒருவர் முன்னால்தான் நிற்க முடியும்.

ரப்பர்க்காடு, குலசேகரம்

பார்கோவ் ஒருவர் முன்னால்தான் நிற்க முடியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அவர் யார் முன்னால் நிற்கிறார் என்பது முக்கியம்தானே தம்பி?

வடசேரி கணக்கு, நாகர்கோவில்

முக்கியம்தான். ஆனால் அது தீர்மானமாவது ஆட்டத்தில் அல்ல, ஜூலையில் ஆளை எடுக்கும்போது. 2025-26 சீசனில் ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு 95.5 மில்லியன் டாலர். மெக்டேவிட்டுக்கு 12.5, ட்ரைசைட்லுக்கு 14. மிச்சம் 69 மில்லியனில் மற்ற எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும். மூன்றாவது லைனில் ஒரு மார்ஷண்டுக்கு அங்கே இடம் எங்கே என்று காட்டுங்கள், அப்புறம் 8 நொடியைப் பற்றிப் பேசுவோம்.

ரப்பர்க்காடு, குலசேகரம்

சம்பளக் கணக்குக்குத் தனித் திரி போடுங்கள், அங்கேயும் வருகிறேன். இங்கே நான் கேட்ட ஏழாவது ஆட்டத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.