ரியல் டைம்: நிகழ்நேரமா, கெடுநேரமா?

அன்புடையீர்,
பாலிடெக்னிக் மாணவர்களுக்கான இயங்குதளப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ரியல் டைம்’ ஓரிடத்தில் நிகழ்நேரம், ஓரிடத்தில் மெய்நேரம், ஓரிடத்தில் உடனடி என்று கிடக்கிறது. ஒன்றைச் சொல்லுங்கள். ‘ஹார்டு’ (கெடு ஒருமுறையும் தவறக்கூடாது), ‘சாஃப்ட்’ (எப்போதாவது தவறினால் பொறுக்கலாம்) அடைகளும் முன்னால் ஒட்ட வேண்டும்.
– பதிப்பாசிரியர்

> உடனடி

இதை முதலில் அடித்துவிடுங்கள் ஐயா. ரியல் டைம் வேகத்தைக் குறிப்பதல்ல. கெடுவுக்குள் வேலை முடிந்தே தீரும் என்ற உறுதி. கார் மோதிய சுமார் 50 மில்லிநொடிக்குள் காற்றுப்பை விரிந்தாக வேண்டும். வழக்கமாக 10-இல் முடித்துவிட்டு என்றோ ஒருநாள் 200 எடுக்கும் நிரல் அங்கே ஆகாது. எப்போதும் 40 எடுப்பது ஆகும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில் நடந்ததும் இதுதான். முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பொதுவளத்தைத் தொடலாம் என்ற காப்பு) பிடித்துக்கொண்டது. முன்னுரிமை மிகுந்த பணி அதற்காகக் காத்து நின்றது. இடைப்பட்ட பணி நடுவில் புகுந்து ஓடியது. கெடு தவறியது, கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனது. ஆகவே ‘கெடுநேரம்’ என்பேன்.
– க.

> கெடுநேரம்

மாணவன் கெட்ட நேரம் என்றுதான் படிப்பான். ராகுகாலத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும் சொல். நிகழ்நேரம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வையுங்கள்.
– மு.

> நிகழ்நேரம்

வினைத்தொகை. நிகழ்ந்த, நிகழ்கின்ற, நிகழும் என்று விரியும். நேற்றைய ஆட்டத்தின் மறு ஒளிபரப்பும் நிகழ்நேரமா? தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமையையும் நொடியையும் அளவாகச் சொன்னார். ‘இமைநேரம்’ என்றால் என்ன குறை? ‘மில்லி’யும் ஒழியும்.
– செ.

இமைக்கவே 100 முதல் 400 மில்லிநொடி ஆகும் ஐயா. இமை மூடித் திறப்பதற்குள் பை விரிந்து முடிந்துவிடும். தனித்தமிழுக்காகக் கணக்கைக் கெடுக்க வேண்டாம்.
– க.

நன்றி. நிகழ்நேரத்துக்கே கை அதிகம். வன் நிகழ்நேரம், மென் நிகழ்நேரம் என்று போடுகிறேன். வரையறையில் ‘கெடுவுக்குள்’ என்ற சொல் வரும்.
– பதிப்பாசிரியர்

எனக்கு உடன்பாடில்லை, நேரலை என்றே புரிந்துகொள்வார்கள். பயிற்சியில் 20 மில்லிநொடிக் கெடுவும் 25 எடுக்கும் பணியும் வைத்து ஒரு கணக்காவது கொடுங்கள்.
– க.