விண்டோஸ் 98ல க்வேக் ஓடுது ஆனா சவுண்ட் வரல, அவசரம் ப்ளீஸ்

குட்டிபாஸ்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய சிஸ்டம் ஒண்ணு கைக்கு வந்துச்சு, 98 போட்டு க்வேக்ங்குற பழைய துப்பாக்கி சுடுற கேம இன்ஸ்டால் பண்ணேன், கேம் சூப்பரா ஓடுது ஆனா சவுண்ட் வரல. டிரைவர் எல்லாம் போட்டாச்சு, டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறி ஒண்ணும் இல்ல, வால்யூம் ஃபுல்லா வச்சிருக்கேன், ஸ்பீக்கர் வேற மெஷின்ல மாட்டி பாத்துட்டேன் நல்லாதான் பாடுது. ராத்திரிக்குள்ள முடிச்சாகணும், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

நீலத்திரை:
"சவுண்ட் வரல"ன்னு மட்டும் சொன்னா நாங்க சோழிதான் உருட்டணும். என்ன சவுண்ட் கார்டு? 98ஆ, அதோட ரெண்டாவது பதிப்பு 98 எஸ்இயா? கேம டாஸ்ல ஓட்டுறீங்களா, விண்டோஸுக்கான வின்க்வேக்கா, 3டி கார்டுக்கான ஜிஎல்க்வேக்கா? கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி என்னென்ன விவரம் தரணும்னு மேலயே ஒட்டி வச்சிருக்கு. எழுதுனவன் நான்தான், படிச்சவன்தான் யாரும் இல்ல போல.

டாஸ்ப்ராம்ப்ட்:
இது ஐஆர்க்யூ (கார்டு ப்ராசசர கூப்பிடுற லைன் நம்பர்) பிரச்சினை, கண்ண மூடிட்டு சொல்லலாம். டாஸ் க்வேக் பிளாஸ்டர்ங்குற வேரியபிள பாத்துதான் கார்டு எங்க இருக்குன்னே கண்டுபிடிக்கும். பூட் ஆகும்போது ஓடுற ஆட்டோஎக்ஸெக் பேட் ஃபைல திறந்து அந்த வரி இருக்கான்னு பாருங்க, போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, இதுதான் வழக்கமா இருக்கும். ஐஆர்க்யூ 7ல வச்சிருந்தீங்கன்னா பிரிண்டர் போர்ட்டோட முட்டும், பயாஸ்ல பிரிண்டர் போர்ட்ட அணைச்சு பாருங்க. அப்புறம் டபிள்யூடிஎம்ங்குற புது வகை டிரைவர் போட்டிருந்தா தூக்கி கடாசிட்டு விஎக்ஸ்டிங்குற பழைய வகை டிரைவர் போடுங்க, 98க்கு அதான் அழகு.

எமுலேட்டர்வாசி:
ஏன் ப்ரோ இவ்ளோ கஷ்டம். கேமோட சோர்ஸ் கோட 1999 டிசம்பர்லயே யாரும் எடுத்து மாத்திக்கலாம்ங்குற ஜிபிஎல் லைசென்ஸ்ல விட்டுட்டாங்க, அத வச்சு ஆளாளுக்கு புது மெஷின்ல ஓடுற மாதிரி போர்ட் பண்ணி வச்சிருக்காங்க. அதுல ஒண்ணு க்வேக்ஸ்பாஸ்ம், அத இறக்குங்க, டேட்டா ஃபைல காப்பி பண்ணுங்க, முடிஞ்சுது. 2021ல வந்த புது வெளியீடும் இருக்கு. இப்ப இருக்குற மெஷின்லயே ஓடும்.

நீலத்திரை:
கேட்டது 98ல எப்படின்னு. உங்களுக்கு எந்த கேள்விக்கும் ஒரே பதில்தானா.

மெகாபைட் மாமா:
தம்பி, மத்தத அப்புறம் பாத்துக்கலாம். துப்பாக்கி சுடுற சத்தம், கதவு திறக்குற சத்தம் இதெல்லாம் கேக்குதா, இல்ல மொத்தமாவே கப்சிப்பா? இது ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லு.

குட்டிபாஸ்:
துப்பாக்கி சத்தம்லாம் வருதுண்ணா, மியூசிக்தான் வரல, அதானே சொன்னேன். 98 எஸ்இ தான். வின்க்வேக். பென்டியம் 4, 1 ஜிபி ராம். கார்டு தனியா இல்ல, போர்டுலயே இருக்குறது.

நீலத்திரை:
"அதானே சொன்னேன்"னா எங்க சொன்னீங்க? மேல போய் திரும்ப படிச்சுட்டு வந்தேன். மியூசிக்ங்குற வார்த்தையே இல்ல.

ராம்பிரியன்:
இருங்க இருங்க, 1 ஜிபி ராம்ல 98 எப்படி பூட் ஆச்சு? 512 எம்பிக்கு மேல போனா மெமரி பத்தலன்னு சொல்லி நின்னுடுமே. ஒரு குச்சிய கழட்டுங்க முதல்ல, எல்லா பிரச்சினையும் அங்கேர்ந்துதான் வரும்.

மெகாபைட் மாமா:
சத்தம் வருது மியூசிக் மட்டும் இல்லன்னா அது வேற கதை தம்பி. அந்த கேம்ல மியூசிக் ஹார்ட் டிஸ்க்ல கிடையாது. டிஸ்க்ல முதல் டிராக் டேட்டா, 2லேர்ந்து 11 வரைக்கும் சாதா ஆடியோ சிடி மாதிரி பாட்டு. கேம் டிரைவ்கிட்ட "இந்த டிராக்க பாடு"ன்னு மட்டும் சொல்லும், டிரைவே பாடும். அந்த சத்தம் டிரைவோட பின்பக்கத்துலேர்ந்து நாலு பின் ஒயர் ஒண்ணு வழியா போர்டுக்கு வரணும். லெஃப்ட், கிரவுண்ட், கிரவுண்ட், ரைட், அவ்ளோதான் அந்த ஒயரு. போர்டுல சவுண்ட் சிப்புக்கு பக்கத்துல சிடி இன்னு எழுதின குட்டி சாக்கெட் இருக்கும், அதுல மாட்டணும். பழைய மெஷின் கைமாறும்போது முதல்ல காணாம போறது இந்த ஒயர்தான், எத்தன பெட்டில பாத்திருக்கேன்.

ஸ்க்ரூ கழட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு. டிரைவ் முகப்புல ஹெட்ஃபோன் ஓட்டை இருந்தா அதுல ஹெட்ஃபோன் சொருகிட்டு கேம ஓட்டு. அதுல பாட்டு கேட்டா டிரைவ் ஒழுங்கா பாடுது, ஒயர்தான் இல்லன்னு அர்த்தம். வால்யூம் ஐக்கான ரெண்டு தடவ தட்டி சிடி ஆடியோ மியூட்ல இருக்கான்னும் பாத்துடு.

டாஸ்ப்ராம்ப்ட்:
அந்த ஒயர் இல்லாமயும் பண்ணலாம் மாமா. கண்ட்ரோல் பேனல்ல மல்டிமீடியா, அதுல சிடி மியூசிக் டேப்ல டிஜிட்டல் சிடி ஆடியோன்னு ஒரு டிக் இருக்கு. அத போட்டா ஒயர் வேண்டாம், டேட்டா கேபிள் வழியாவே ஆடியோ வந்துடும்.

மெகாபைட் மாமா:
அந்த டிக் வேலை செய்ய டபிள்யூடிஎம் டிரைவர் வேணுமே. நீதான மேல அத தூக்கி கடாசச் சொன்ன?

டாஸ்ப்ராம்ப்ட்:
டாஸ் கேமுக்கு சொன்னது அது. இவரு அப்ப வின்க்வேக்குன்னு சொல்லவே இல்லயே. டாஸ் கேமுக்கு விஎக்ஸ்டிதான், அதுல நான் மாறல.

வெர்சன்98:
512 மேட்டர் பத்தி: ராம கழட்ட வேண்டாம். சிஸ்டம் ஐஎன்ஐ ஃபைல்ல விகேஷ் பகுதில மேக்ஸ்ஃபைல்கேஷ்னு ஒரு வரி சேத்து 524288 கொடுத்தா போதும், அது கேபி கணக்கு, 512 எம்பி. 98 பூட் ஆகும்போதே டிஸ்க் கேஷுக்குன்னு (டிஸ்க்ல படிச்சத ராம்ல வச்சுக்குற இடம்) ராம் அளவ பாத்து முகவரி இடத்த வளைச்சு போட்டுக்கும், மேல இருக்குற ஒரு ஜிபி முகவரிலதான் அதுவும் இருக்கணும், ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அங்கதான் இடம், இடிச்சுக்கும். கேஷுக்கு ஒரு வரம்பு வச்சுட்டா பிரச்சினை முடிஞ்சுது. ராம் நிறைய இருக்குறது தப்பே இல்ல.

ராம்பிரியன்:
அதெல்லாம் பாதி வைத்தியம். அதே ஃபைல்ல 386என்ஹ் பகுதில மேக்ஸ்ஃபிஸ்பேஜ் 20000னு போடு, 512க்கு மேல இருக்குறத 98 கண்ணுலயே படாம பண்ணிடும். நான் எல்லா மெஷின்லயும் இதான் போடுறேன், ஒண்ணும் ஆகல.

வெர்சன்98:
ஒண்ணும் ஆகாது, பாதி ராம் வீணாப் போறத தவிர.

ராம்பிரியன்:
98க்கு எதுக்குய்யா 1 ஜிபி? அது வந்த காலத்துல 64 எம்பி இருந்தாலே பெரிய மனுஷன்.

எமுலேட்டர்வாசி:
20000 பேஜ்னா ஒரு பேஜ் 4 கேபி, 80 எம்பி கிட்டதானே வருது? அதுல 98 எப்படி ஓடும்?

நீலத்திரை:
அது ஹெக்ஸ், 16 அடிப்படையில எழுதுற எண். ஹெக்ஸ்ல 20000ன்னா டெசிமல்ல 131072 பேஜ், 4 கேபியால பெருக்கினா 512 எம்பி. அந்த ஃபைல தொடறதுக்கு முன்னாடி இதாவது தெரிஞ்சிருக்கணும். இப்படி பாதி தெரிஞ்சவங்க சொல்றத கேட்டுத்தான் புதுசா வர்றவங்க சிஸ்டம் ஐஎன்ஐய கெடுத்துட்டு திரும்ப இங்கயே வந்து நிக்கிறாங்க.

எமுலேட்டர்வாசி:
கேள்விதான கேட்டேன் சார், பாடம் எடுக்காதீங்க.

சுத்துறதட்டு:
ராம் சண்டைய கொஞ்சம் ஓரமா வச்சுட்டு குட்டிபாஸ் இதுக்கு பதில் சொல்லுங்க. டிரைவ்ல இருக்குறது ஒரிஜினல் டிஸ்க்கா, காப்பியா? காப்பின்னா எப்படி எடுத்தீங்க? டிரைவ் ஒண்ணுதானா, ரெண்டா?

குட்டிபாஸ்:
காப்பிதான். ஒரிஜினல்ல கீறல் விழக்கூடாதுன்னு பத்திரமா வச்சுட்டு லேப்டாப்ல ஐஎஸ்ஓ எடுத்து பர்ன் பண்ணேன். டிரைவ் ஒண்ணுதான். கேம்தான் ஓடுதே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்

சுத்துறதட்டு:
அதுக்குதான் சம்பந்தமே. ஐஎஸ்ஓங்குறது ஃபைல் சிஸ்டத்தோட நகல், அவ்ளோதான். டேட்டா டிராக்ல ஒரு செக்டர்ல 2048 பைட் ஃபைலுக்கு, மிச்சம் பெரும்பாலும் பிழை திருத்தறதுக்கு. ஆடியோ டிராக்ல ஃபைலே கிடையாது, செக்டர் முழுசா 2352 பைட்டும் ஒலிதான், செகண்டுக்கு 75 செக்டர். ஐஎஸ்ஓ எடுக்குற சாஃப்ட்வேர் முதல் டிராக்க எடுத்துட்டு மத்த 10 டிராக்க சத்தமில்லாம விட்டுடும், எரரும் காட்டாது. கேமுக்கு வேண்டிய ஃபைல் எல்லாம் முதல் டிராக்லயே இருக்குறதால கேம் பாட்டுக்கு ஓடும். அதனாலதான் எல்லாரும் டிரைவர்மேல சந்தேகப்படுறாங்க.

ஊர்ஜிதம் பண்றது ரொம்ப சுலபம். கேம்குள்ள கன்சோல திறந்து (எஸ்கேப்புக்கு கீழ இருக்குற கீ) சிடி, ஒரு ஸ்பேஸ், இன்ஃபோன்னு அடிங்க. எத்தன டிராக்குன்னு காட்டும். 11ன்னு வந்தா டிஸ்க் நல்ல டிஸ்க், மாமா சொன்ன ஒயர பாருங்க. 1ன்னு வந்தா ஒயர தொடவே வேண்டாம், டிஸ்க்லயே பாட்டு இல்ல. கேம் வேண்டாம்னா 98ல இருக்குற சிடி பிளேயர திறந்தும் பாக்கலாம்.

1ன்னு வந்தா ஒரிஜினல திரும்ப எடுங்க, இந்த தடவ ஐஎஸ்ஓவா இல்லாம பின் (.bin), க்யூ (.cue)னு ரெண்டு ஃபைலா. பின்ல மொத்த செக்டரும் அப்படியே இருக்கும், எந்த டிராக் எங்க ஆரம்பிக்குதுன்னு க்யூல எழுதியிருக்கும், அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேட்ல திறந்து பாக்கலாம். டிராக் 01 மட்டும் மோட்1ன்னும் மிச்சம் எல்லாம் ஆடியோன்னும் இருந்தா சரியா எடுத்திருக்கீங்க. ஒரு நிமிஷ ஆடியோவுக்கு சுமார் 10 எம்பி, அதனால ஃபைல் சைஸ பாத்தாலே தெரிஞ்சுடும், பழைய ஐஎஸ்ஓவவிட பல நூறு எம்பி பெருசா இருக்கணும். பர்ன் பண்ணும்போது க்யூவ கொடுங்க, பின்ன தனியா கொடுக்காதீங்க. டிஸ்க் அட் ஒன்ஸ் (மொத்த டிஸ்க்கயும் நடுவுல நிறுத்தாம ஒரே மூச்சுல எழுதுறது) மோட்ல எழுதுங்க.

மெகாபைட் மாமா:
நல்லா சொன்னீங்க. ஆனா டிஸ்க் சரியானாலும் ஒயர் இல்லன்னா பாட்டு வராது, அதயும் சேத்தே பாத்துடட்டும். டிரைவ் பழைய ஐடிஇ கேபிள் வகையா, புது சாட்டா வகையா தம்பி? சாட்டா டிரைவ் பெரும்பாலானதுல அந்த நாலு பின்னே இருக்காது, அப்ப டிஜிட்டல் டிக்தான் வழி.

எமுலேட்டர்வாசி:
பாருங்க, இதுக்குதான் முதல்லயே சொன்னேன். க்வேக்ஸ்பாஸ்ம் மாதிரி போர்ட்டுல மியூசிக் ஃபோல்டர்ல டிராக்02ன்னு பேர் வச்சு ஓஜிஜி ஆடியோ ஃபைலா போட்டா அது பாட்டுக்கு பாடும். ஒயர், பின்னு, டிஸ்க் அட் ஒன்ஸ், எதுவும் வேண்டாம்.

டாஸ்ப்ராம்ப்ட்:
அந்த ஓஜிஜி எங்கேர்ந்து வரும்? அதே ஆடியோ டிராக்கத்தானே எடுக்கணும். அப்புறம் பழைய மெஷின் வச்சிருக்குறவன் கேம் விளையாட மட்டுமா வச்சிருக்கான், டிரைவ் சுத்த ஆரம்பிச்சு ஒரு நொடி கழிச்சு பாட்டு எடுக்கும் பாருங்க, அது உங்க போர்ட்ல வராது.

எமுலேட்டர்வாசி:
டிராக் முடிஞ்சு திரும்ப ஆரம்பிக்கும்போது நடுவுல ஒரு இடைவெளி விழுமே, அதயும் ரசிப்பீங்களா?

டாஸ்ப்ராம்ப்ட்:
ரசிப்பேன்.

நீலத்திரை:
சிடி ஆடியோ பத்தி ரொம்ப நாள் முன்னாடியே நான் விளக்கமா எழுதியிருக்கேன், தேடினா முதல்லயே வரும். தேடுறதுக்கு யாருக்கும் பொறுமை இல்ல.

சுத்துறதட்டு:
"சவுண்ட் வரல"ன்னு தேடுனா அது வராதே ஜி. அவருக்கு அது சிடி ஆடியோன்னு தெரிஞ்சிருந்தா இங்க கேட்டிருக்கவே மாட்டாரு.

வெர்சன்98:
குட்டிபாஸ், பாட்டு வந்ததும் ஒரு டாஸ் விண்டோவும் திறந்து பாத்துடுங்க. மெமரி பத்தலன்னு வந்தா நான் சொன்ன கேஷ் வரிய போடுங்க. பூட் ஆகுதுங்குறதுக்காக எல்லாம் சரியா இருக்குன்னு இல்ல, சில மெஷின்ல விண்டோஸ் நல்லா எழுந்து நிக்கும், டாஸ் விண்டோ திறக்கும்போதுதான் மண்டைய போடும்.

ராம்பிரியன்:
இல்லன்னா மேக்ஸ்ஃபிஸ்பேஜ்.

சுத்துறதட்டு:
குட்டிபாஸ், என்ன ஆச்சு? சிடி இன்ஃபோ என்ன காட்டுச்சு?

மெகாபைட் மாமா:
ராத்திரிக்குள்ள முடிக்கணும்னு சொன்ன ஆளு, விடிஞ்சு ரெண்டு நாளாச்சு.

குட்டிபாஸ்:
சாரி பிஸி. 1 டிராக்ஸ்னு காட்டுச்சு. திரும்ப பர்ன் பண்ணி அந்த டிக்கும் போட்டுட்டேன், ஒயரும் ஒண்ணு கிடைச்சுது மாட்டிட்டேன். மியூசிக் வருது, செம்மயா இருக்கு. எல்லாருக்கும் தேங்க்ஸ்

சுத்துறதட்டு:
சூப்பர். ஆனா டிஸ்க் மாத்தினதும் வந்துச்சா, இல்ல ஒயர் மாட்டின அப்புறமா? அந்த டிக்க எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டி பாத்து சொல்லுங்களேன், அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

மெகாபைட் மாமா:
ஒயர்தான், வேற என்ன.

டாஸ்ப்ராம்ப்ட்:
டிக்கா இருக்கும். ஒயர் போர்டுல மாட்டினாலும் மிக்ஸர்ல சிடி ஆடியோ திறந்திருக்கணுமே, அத பத்தி அவரு ஒண்ணும் சொல்லலயே.

வெர்சன்98:
டாஸ் விண்டோ திறந்துச்சா?

ராம்பிரியன்:
திறக்கலன்னா 20000 போடுங்க. ஹெக்ஸ்தான், தெரியும், யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.