அப்பாவுக்குச் சிறுநீரில் இரத்தம், அவசரம், என்ன மாத்திரை கொடுக்கலாம்?

கொருக்குப்பேட்டை மகன் | ஞாயிறு, காலை 6.12

வணக்கம். அப்பாவுக்கு விடியற்காலையில் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. அவர் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து டீ கேட்டார். கழிப்பறை விளிம்பில் ஒட்டியிருந்ததை நான்தான் பார்த்தேன். தெரு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். என்ன மாத்திரை வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆய்வக அக்கா | 6.31

தம்பி, வயது என்ன? வலி இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா? இதற்கு முன் வந்திருக்கிறதா? ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுகிறாரா? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. நிறத்தையும் சொல்லுங்கள். மீன் கழுவிய தண்ணீர் போலவா, கடுந்தேநீர் போலவா? நுரை நிற்கிறதா?

தேரடி வீதி | 6.40

நேற்று பீட்ரூட் பொரியல் சாப்பிட்டாரா என்று முதலில் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் ஒரு முறை உயிர் போய் வந்தது. என் மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

வண்ணை வாசகர் (மூத்த உறுப்பினர்) | 6.58

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பழைய இழைகளைத் தேடிப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. இது சிறுநீரகக் கல். வடசென்னையில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குக் கல் வராமல் வேறென்ன வரும்? வாழைத்தண்டுச் சாறு, வெறும் வயிற்றில், மூன்று நாள். முடிந்தது.

சூட்டுடம்பு | 7.05

கல் எல்லாம் இல்லை, உடம்புச் சூடு. இளநீரில் வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுங்கள். வெயில் காலத்தில் எனக்கும் எரிச்சலோடு இப்படிப் போகும்.

மருந்துக்கடை மாமா | 7.22

சூட்டுடம்பு அவர்களே, எரிச்சலோடு போனால் அது சூடு அல்ல, பெரும்பாலும் கிருமித் தொற்று. நீங்களும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மகன் தம்பிக்கு: கடைக்குப் போய் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். என் கவுண்டருக்கு வாரத்தில் இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள். நான்கு மாத்திரை விழுங்கிவிட்டு அதன்பிறகு கல்ச்சர் (சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனைக்குக் கொடுத்தால் கிருமி இருந்தாலும் காட்டாமல் போகலாம். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறாரா? ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கிவிடும். அது இரத்தம் அல்ல.

கொருக்குப்பேட்டை மகன் | 8.47

மன்னிக்கவும், கடைக்குப் போயிருந்தேன். வயது 63. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பீட்ரூட் இல்லை, நேற்று மத்தி மீன் குழம்பு. காசநோய் இல்லை. மீன் கழுவிய தண்ணீர் நிறம்தான். இப்போது இரண்டாவது முறை போனார், கொஞ்சம் தெளிந்திருக்கிறது. அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இருதயத்துக்குத் தினமும் இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். அது இதற்குச் சம்பந்தம் இல்லை என்று எழுதவில்லை.

ஆய்வக அக்கா | 8.51

அதுதான் சம்பந்தம்! பெயரைப் பார்த்து எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை மகன் | 8.58

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல். ஒன்றரை வருடத்துக்கு முன் இருதய இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

சூட்டுடம்பு | 9.03

பார்த்தீர்களா, இரத்தத்தை நீர்க்கச் செய்கிற மாத்திரை! உடனே நிறுத்துங்கள். தானாகச் சரியாகிவிடும்.

மருந்துக்கடை மாமா | 9.06

நிறுத்தாதீர்கள், தம்பி. ஸ்டென்ட் வைத்தவர் இதைத் தானாக நிறுத்தினால் உள்ளே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். நிறுத்துவதா வேண்டாமா என்பது மருத்துவர் எடுக்கவேண்டிய முடிவு. சூட்டுடம்பு, தயவுசெய்து அந்தப் பதிவை நீக்குங்கள்.

ஆய்வக அக்கா | 9.15

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரத்தம் போனால் ‘மாத்திரையால்தான்’ என்று மூடிவைக்கக் கூடாது. உள்ளே ஏற்கெனவே இருக்கிற புண்ணையோ கட்டியையோ மாத்திரை சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அப்பாவிடம் இன்னும் மூன்று கேளுங்கள். ஆரம்பத்தில் மட்டும் சிவப்பா, முடிவில் மட்டுமா, முழுக்கவா? இரத்தம் உறைந்து கட்டி கட்டியாக ஏதாவது வந்ததா? பீடி, சிகரெட்? என்ன வேலை பார்த்தார் என்பதையும் எழுதுங்கள்.

வண்ணை வாசகர் (மூத்த உறுப்பினர்) | 9.20

வேலை எதற்கு? மணமகன் தேவை விளம்பரமா?

கொருக்குப்பேட்டை மகன் | 9.44

முழுக்கச் சிவப்பு. புளியங்கொட்டை அளவில் ஒரு இரத்தக் கட்டி வந்ததாம், இப்போதுதான் சொல்கிறார். பீடி நாற்பது வருடமாக. ஸ்டென்டுக்குப் பிறகு விட்டுவிட்டதாகச் சொல்கிறார், நான் நம்பவில்லை. காசிமேட்டில் படகுகளுக்கு வர்ணம் அடிக்கிற வேலை.

ஆய்வக அக்கா | 9.53

பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். வலியில்லாமல் கண்ணுக்குத் தெரிகிற இரத்தம், அறுபது தாண்டிய வயது, நீண்ட காலப் பீடி, வர்ண வேலை. இத்தனையும் சேர்ந்தால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தே ஆகவேண்டும். அந்த நோய்க்குப் புகைதான் மிகப் பெரிய காரணம். வர்ணம் அடிப்பவர்களுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம். கல்லாக இருக்கலாம், வீங்கிய புராஸ்டேட்டாக இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். எல்லாம் சோதித்துப் பார்த்துத்தான் தெரியும். தெளிந்துவிட்டது என்பதை நம்பாதீர்கள். இது ஒரு நாள் வரும், இரண்டு மாதம் மறைந்திருக்கும்.

இரத்தக் கட்டி வந்திருப்பதால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு ஞாயிறும் உண்டு. போகிற வழியில் சிறுநீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு உப்பினாலோ, தலைசுற்றல் வந்தாலோ 108.

பழைய மருத்துவச் சீட்டு, ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டை, மாத்திரை அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில். சிறுநீரை ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே புட்டி கொடுப்பார்கள். நடுவில் வருகிற சிறுநீரைப் பிடிக்கச் சொல்லுங்கள். சிறுநீரியல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தால் மறுநாள் காலையில் ஓ.பி. சீட்டு போட்டுப் போகவேண்டும். அதை மறந்துவிட்டால் இன்று போனதே வீண்.

தேரடி வீதி | 10.02

வாசகர் ஐயா, போர்த் தண்ணீரால் கல் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நானும் உப்புத் தண்ணீரில்தான் வளர்ந்தேன்.

வண்ணை வாசகர் (மூத்த உறுப்பினர்) | 10.10

அனுபவம் என்ற புத்தகத்தில். இப்போது நீங்கள் கேன் தண்ணீர் குடிப்பதால் தப்பித்தீர்கள்.

தேரடி வீதி | 10.17

கேன் தண்ணீரா? அந்தக் கேனின் அடியில் பச்சை படிந்திருப்பதைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் குடிப்பது மெட்ரோ தண்ணீர்தான். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலையை 2010-இல் திறந்தார்கள். அந்தத் தண்ணீருக்கு என்ன குறை?

மருந்துக்கடை மாமா | 10.25

கல்லுக்கு, எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கேள்வி. வெயிலில் வேலை செய்துவிட்டு நாளெல்லாம் இரண்டு டம்ளர் குடிப்பவருக்குக் கல் வரும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் என் கடையில் வலி மாத்திரைதான் கேட்கிறார்கள், தண்ணீர் கேட்பதில்லை.

வண்ணை வாசகர் (மூத்த உறுப்பினர்) | 10.31

நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

தேரடி வீதி | 10.33

இல்லவே இல்லை.

நடத்துநர் | 11.40

தண்ணீர்ச் சண்டைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். சூட்டுடம்பின் 9.03 பதிவு நீக்கப்பட்டது. தம்பி, போய்விட்டீர்களா?

ஆய்வக அக்கா | திங்கள், இரவு 9.15

தம்பி, என்ன ஆயிற்று?

ஆய்வக அக்கா | வியாழன், இரவு 8.50

ஒரு வரி எழுதினால் போதும்.

கொருக்குப்பேட்டை மகன் | பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளி, காலை 7.20

அனைவருக்கும் நன்றி. அலைச்சலில் எழுத முடியவில்லை. அன்றே போனோம். கல் இல்லை, தொற்று இல்லை. ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் பட்டாணி அளவு வளர்ச்சி. குழாய்க் கேமரா விட்டும் பார்த்துவிட்டார்கள். குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துப் பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பப் போகிறார்கள். இரத்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று இருதய மருத்துவரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள், அதற்குத்தான் இப்போது கிளம்புகிறோம். அப்பாவின் சட்டைப் பையில் ஒரு கட்டு பீடி இருந்தது. எடுத்துவிட்டேன்.

மருந்துக்கடை மாமா | 7.34

நல்ல வேளை, சீக்கிரம் போனீர்கள். பயாப்சி முடிவு வந்ததும் எழுதுங்கள்.

வண்ணை வாசகர் (மூத்த உறுப்பினர்) | 8.05

ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

ஆய்வக அக்கா | 8.09

எங்கே சொன்னீர்கள்? வாழைத்தண்டு என்றல்லவா எழுதினீர்கள்.

வண்ணை வாசகர் (மூத்த உறுப்பினர்) | 8.11

வாழைத்தண்டும் நல்லதுதான்.

தேரடி வீதி | 8.30

நடத்துநர் திறந்த தண்ணீர் இழை எங்கே? தேடினேன், கிடைக்கவில்லை.