வைத்தியர் சத்தியலிங்கம் அமைச்சராக இருந்து வடக்குக்கு என்ன கிடைத்தது?

செட்டிகுளத்தான்:
வைத்தியர் ப. சத்தியலிங்கம் 2024இல் தமிழரசுக் கட்சியின் தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் போனதிலிருந்து எங்கள் வீட்டில் இதே வாக்குவாதம்தான். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2013 செப்டெம்பரில் வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. தமிழரசுக் கட்சி இருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30 எடுத்தது. வவுனியாவில் வென்ற இவர் சுகாதார அமைச்சரானார். 2017 ஆகஸ்டில் விலகும்வரை நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய அந்தக் கதிரையில் இருந்தார். நோயாளியைப் பார்க்கத் தெரிந்த ஒரு மனிதரைக் கொண்டுபோய் ரிப்பன் வெட்ட விட்டோம் என்பது என் கருத்து. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

மருந்துத்துண்டு:
நான் சொல்கிறேன். சுகாதாரத் துறையில்தான் வேலை, எங்கே என்று கேட்காதீர்கள். மாகாண சுகாதார அமைச்சரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும், அண்ணை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். மாகாணத்தின் ஆதார வைத்தியசாலைகளுக்குக்கூட டொக்டரை நியமிப்பதும் மாற்றுவதும் கொழும்பு. மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை மாகாணத்துக்குக் கொடுத்தது, டொக்டரைக் கொடுக்கவில்லை. அமைச்சர் டொக்டருக்கு விடுதி கட்டலாம், அதற்குள் குடியிருக்க ஆளை அனுப்ப முடியாது.

செட்டிகுளத்தான்:
எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பதில்தான். அம்மாவின் பிரஷர் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் கிராமத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் வருவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். காலை ஐந்தரைக்குப் போனால் வாங்கில் ஆள் இருக்காது, கொப்பிதான் இருக்கும். கிளினிக் கொப்பிகளை வரிசையாக வைத்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே கல் வைத்துவிட்டுச் சனம் தேத்தண்ணி குடிக்கப் போய்விடும். பக்கத்தில் புதுப் பெயின்ட் அடித்த டொக்டர் விடுதி, கதவில் பூட்டு. நீங்கள் சொன்ன விடுதி அதுதான்! அதிகாரம் இல்லை என்று பதவி ஏற்ற அன்றைக்கே தெரியாதா? டொக்டருக்குத் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஓடக்கரையாள்:
இரண்டு பேரும் 2017ஐத் தொடாமல் போகிறீர்கள். அந்த ஜூனில் முதலமைச்சர் விக்னேஸ்வரன், தன் அமைச்சர்கள் மீதான முறைப்பாடுகளில் விசாரணைக் குழு குறை கண்ட ஐங்கரநேசனையும் குருகுலராசாவையும் விலகச் சொன்னார். மற்ற இரண்டு அமைச்சர்களான டெனீஸ்வரனையும் சத்தியலிங்கத்தையும் ஒரு மாதம் விடுப்பில் போகச் சொன்னார். சத்தியலிங்கம் மீதான முறைப்பாடு அந்த விசாரணையில் நிரூபிக்கப்படவே இல்லை. பிறகு எதற்கு விடுப்பு? சபை உறுப்பினர்கள் முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையோடு ஆளுநரிடம் போனார்கள். யாழ்ப்பாணத்தில் முதலமைச்சருக்காக ஊர்வலம் நடந்தது. அந்தச் சண்டையில் சுகாதாரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் இவர் விலக, மன்னாரின் குணசீலன் வந்தார். அவரும் வைத்தியர்தான்!

செட்டிகுளத்தான்:
அக்கா, நானும் அதைத்தானே சொல்கிறேன்? ஒரு வைத்தியர் போய் இன்னொரு வைத்தியர் வந்தார், வாங்கில் கொப்பி அப்படியே கிடந்தது. அதோடு சுன்னாகம் கிணற்றுத் தண்ணீரில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்த விவகாரம். அந்தக் காலத்தில் வடக்கில் அதைவிடப் பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை எது? மாகாண சபை போட்ட நிபுணர் குழுவை ஊர்ச் சனம் நம்பவில்லை. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம்தான் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. வைத்தியரான அமைச்சர் அந்த விவகாரத்தின் முன்வரிசையில் நின்றிருக்க வேண்டாமா?

மருந்துத்துண்டு:
சுற்றுச்சூழல் ஐங்கரநேசனின் அமைச்சு, அந்தக் கணக்கை இவர் தலையில் போடாதீர்கள். ஆனால் முன்வரிசையில் நின்றிருக்கலாம் என்பது சரி. அதை நான் மறுக்கவில்லை. சுகாதாரத் தொண்டர்களின் நிரந்தர நியமனமும் அப்படித்தான். வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் உழைத்த பிள்ளைகள் வீதியில் இருந்தார்கள். ஆளணிக்கு மத்தியின் அனுமதி வேண்டும் என்பது உண்மை. அந்த அனுமதிக்காகக் கொழும்பில் போய்ச் சண்டை பிடித்த சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

ஓடக்கரையாள்:
டெனீஸ்வரன் பிடித்தாரே. முதலமைச்சர் பிறகு தன்னை நீக்கியது செல்லாது என்று நீதிமன்றம் போய், 2018 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். அமைச்சரை நியமிப்பதும் நீக்குவதும் ஆளுநரின் கை என்ற கேள்வி அங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தது. சத்தியலிங்கம் அந்த வழியில் போகவில்லை. கட்சி சொன்னது, விலகினார். பிறகு அதே கட்சியின் பதில் பொதுச் செயலாளர், அப்புறம் தேசியப் பட்டியல். அவரைக் கட்சி மனிதராகப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது. நாங்கள்தான் இன்னும் ஸ்டெதஸ்கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மருந்துத்துண்டு:
கட்சி மனிதர் என்பது வசையா, அக்கா? 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியில் கட்டிய பெண்கள் நலச் சிறப்பு நிலையத்தை 2024 மேயில் ஜனாதிபதி ரணில் வந்து திறந்தார். ரிப்பன் வெட்டக்கூட எங்களுக்கு ஒரு மாகாண அமைச்சர் இல்லை. திட்டுவதற்காவது ஒருவர் இருந்த காலம் அது.

செட்டிகுளத்தான்:
தம்பி, இதற்கு மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். இப்போது முறைப்பாடு எழுதினால் ஆளுநர் செயலகத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. கிளினிக் நாளையும் மாற்றிவிட்டார்கள், இப்போது திங்களும் வியாழனும்.