மெக்சிகோ பழங்குடி மக்களோட துணை விலங்கு நம்பிக்கை, தெரிஞ்சவங்க சொல்லுங்க

கேள்வி (மலைநாடன்):
நாவால்னு ஒண்ணு பத்தி படிச்சேன், மனுஷன் பொறக்கும்போதே அவனுக்குன்னு ஒரு விலங்கு காட்டுல இருக்குமாம், அது அவனுக்குக் காவல்னு போட்டிருக்கு. ஆனா ராத்திரில ஜாகுவாரா மாறுற மந்திரவாதியையும் அதே பேர்ல சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா? அந்த விலங்கு எப்படி காப்பாத்தும்?

பதில் (தேன்சிட்டு):
ரெண்டும் வேற வேற. உருமாறுறவன்தான் நாவால், கூடப் பொறக்குற விலங்கு தோனால்னு மெக்சிகோ பக்கம் பிரிச்சு எழுதுவாங்க. ஆனா இத சட்டமா எடுத்துக்காதீங்க, குவாத்தமாலால மாயா மக்கள் நிறைய பேர் துணை விலங்கையே நாவால்னுதான் சொல்றாங்க.

பதில் (கரிசல்):
காவல்னு சொல்றதுதான் எனக்கு இடிக்குது. மெக்சிகோவோட தெற்குல இருக்குற சியாபாஸ் மாநிலத்துல சினகன்தான்னு ஒரு ஊர், ட்சோட்சில் மாயா மக்கள், 1957ல இருந்து எவன் வோக்ட்னு ஹார்வர்ட் மானுடவியலாளர் ஆளுங்களோட அங்க போய்த் தங்கி நிறைய எழுதியிருக்கார். அங்க அந்த விலங்குக்கு சானுல்னு பேர். ஒரே உயிர்தான் ரெண்டு உடம்புலயும், அதுக்கு அடிபட்டா உங்களுக்கும் அடி, அது செத்தா நீங்களும் அவ்ளோதான். அதனால அது உங்களக் காக்குறதில்ல, அதத்தான் யாராவது காக்கணும்! ஊருக்குக் கிழக்க இருக்குற பெரிய மலைக்குள்ள பட்டி போட்டு முன்னோர் தெய்வங்கதான் எல்லார் விலங்கையும் மேய்க்குது, தீனி போடுது. நீங்க தப்பு தண்டா பண்ணினா பட்டிய தொறந்து விட்டுடும், காட்டுல தனியா அலையும், இங்க நீங்க படுக்கைல விழுந்துடுவீங்க. அப்ப ஹிலோல்னு சொல்ற வைத்தியர் வந்து நோயாளி கட்டில சுத்தி பைன் கிளையா கட்டுவார், அதுவும் ஒரு பட்டிதான், இங்க கட்டினா அங்க விலங்கும் உள்ள வந்துடும்னு நம்பிக்கை. எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்சது இதுதான்.

பதில் (தேன்சிட்டு):
கரிசல் சொல்றது சரி. பழைய மாயா பானைகள்ல வரைஞ்சிருக்குற, மாயா மொழில 'வாய்' (way)னு பேர் உள்ள உருவங்களும் காவலா தெரியல. 1989லதான் பானைல அந்தப் பேர எழுதியிருந்த மாயா எழுத்தப் படிச்சாங்க, மொதல்ல துணை விலங்குன்னாங்க, ஆனா அதுங்க பேர்லயே நோயும் சாவும் இருக்குறதால ராஜாக்கள் எதிரி மேல ஏவி விட்டதா இருக்கும்னு இப்ப சொல்றாங்க.

மலைநாடன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. தன்னோட விலங்கு எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவாங்க, நாமளே தேர்ந்தெடுக்கலாமா?

கரிசல்:
முடியாதுங்க, கருவுலயே முடிவாயிடும். சினகன்தான்ல சின்ன வயசுல கனவுல தெரியும்பாங்க. பெரிய ஆளுங்களுக்கு ஜாகுவார், சாதாரண ஆளுக்கு அணில் மாதிரி சின்னதாவும் இருக்கலாம்.